வீட்டிற்கு வந்த பல்கலைக்கழகம்



நம் சங்க மலருக்கு அறிவியல் கட்டுரை ஒன்று வேண்டும் என்று ஆசிரியர் கேட்டார். என் பாடமாகிய வேதியியலைப் பற்றி எழுதவே முதலில் எண்ணினேன். ஆயின், எங்கள் வீட்டில் ஈராண்டாக நடந்துவரும் ஒரு படிப்பு அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது. அது என் படிப்பு அன்று. என் அக்காவின் படிப்பு.

என் தாத்தா செங்கோட்டை வழியாகக் கொச்சிக்குப் பிழைக்க வந்தவர். மட்டாஞ்சேரி மிளகுக் கிட்டங்கிகளில் மூட்டை சுமந்தார். அப்பாவும் அதே கடைத்தெருவில்தான் உழைத்தார். அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற ஆண்டில், அப்பாவின் முதுகு அவரைக் கைவிட்டது. கல்லூரிக்குப் போக வேண்டியவள் கிட்டங்கியில் பில் எழுதப் போனாள். அந்தச் சம்பளத்தில்தான் நான் பள்ளிப் படிப்பை முடித்தேன், பி.எஸ்ஸி. பட்டம் பெற்றேன், இன்று நாள்தோறும் தோப்பும்படிப் பாலம் கடந்து களமசேரிக்கு வந்து எம்.எஸ்ஸி. படிக்கிறேன்.

ஈராண்டுகளுக்கு முன் ஒரு நாள் இரவு, “தம்பி, இணையவழியில் பி.பி.ஏ. சேரலாம் என்று இருக்கிறேன்” என்றாள் அக்கா. நான் சிரித்துவிட்டேன். “கைப்பேசியில் படித்து வாங்குவதும் ஒரு பட்டமா, அக்கா?” என்றேன். அவள் மறுமொழி ஒன்றும் கூறாமல் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அந்தச் சிரிப்புக்குக் கழுவாயாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

புதுமையா இது?

கல்லூரிக்குப் போகாமல் பட்டம் பெறுதல் நேற்றுத் தோன்றிய வழக்கம் அன்று. இலண்டன் பல்கலைக்கழகம் 1858-ஆம் ஆண்டிலேயே, எங்கிருந்து படித்தவராயினும் தேர்வு எழுதிப் பட்டம் பெறலாம் என்று தன் கதவைத் திறந்துவிட்டது. 1878-இல் பெண்களுக்கும் அப்பட்டங்கள் கிடைத்தன. நம் நாட்டில் தில்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. 1985-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2020-இல் கொல்லத்தில் ஸ்ரீநாராயணகுரு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் அவ்வழியில் பிறந்தன.

அஞ்சல்வழியில் அச்சிட்ட பாடநூல் வீடு தேடி வரும். விடுமுறை நாளில் பயிற்சி மையத்திற்குச் சென்று ஐயம் தீர்த்துக்கொள்வர். இணையவழியில் பாடமே வீடு தேடி வருகிறது. வேறுபாடு அவ்வளவுதான். பல்கலைக்கழக மானியக் குழு இதற்கென 2018-இல் விதிகள் வகுத்தது. 2020-இல் தொலைநிலைக் கல்விக்கும் இணையவழிக் கல்விக்கும் சேர்த்துப் புதிய விதிகளை வெளியிட்டது. அவ்விதிகளின்படி, ஏற்புப் பெற்ற நிறுவனம் இணையவழியில் அளிக்கும் பட்டம், வகுப்பறையில் பெற்ற பட்டத்திற்கு நிகரானது. இதனை அக்குழு 2022 செப்டம்பரில் மீண்டும் தெளிவாக அறிவித்தது.

எங்கள் யூதத் தெருவில் இந்திய மிளகு, நறுமணப் பொருள் வணிகச் சங்கத்தின் கட்டடம் இருக்கிறது. 1957-இல் தொடங்கிய அச்சங்கத்தின் கூடத்தில் வணிகர்கள் கூவிக் கூவி மிளகின் முன்பேர விலை பேசிய காலம் ஒன்று இருந்தது. பின்னர் அவ்வணிகம் கணினித் திரைக்கு மாறிற்று. கூடத்தில் கூச்சல் அடங்கியது. கூச்சல் அடங்கியதால் விலை பொய்யாகிவிட்டதா? இல்லையன்றோ! வகுப்பறையின் ஓசை இல்லை என்பதற்காக நான் அக்காவின் படிப்பைப் பொய் என்று எண்ணியதும் அத்தகைய அறியாமையே.

எப்படி நடக்கிறது?

இணையவழிப் படிப்புக்கு நான்கு கூறுகள் உண்டு. ஆசிரியர் பாடம் நடத்தும் காணொளி ஒன்று; படித்தறியும் பாடக்குறிப்பு இரண்டு; ஐயங்களை எழுதிக் கேட்கும் கலந்துரையாடல் மூன்று; தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் பயிற்சி நான்கு. பருவந்தோறும் அளிக்கும் ஒப்படைவுகளுக்கும் சிறு தேர்வுகளுக்கும் 30 விழுக்காடு வரை மதிப்பெண். எஞ்சிய 70 விழுக்காடு பருவ இறுதித் தேர்வுக்கு. அத்தேர்வைப் பல்கலைக்கழகத்தின் ஏற்பாட்டிற்கேற்பத் தேர்வு மையத்திலோ, கேமராவின் கண்காணிப்பில் கணினி முன் அமர்ந்தோ எழுத வேண்டும்.

எல்லாப் படிப்பையும் இவ்வாறு நடத்த இசைவு இல்லை. மருத்துவம், பொறியியல் முதலியவற்றுக்கு இவ்வழி மூடப்பட்டுள்ளது. ஆய்வுக்கூடத்தில் கை நனையாமல் என் வேதியியலைக் கற்க இயலாது. வணிக நிருவாகமோ கணக்கியல், பொருளியல், புள்ளியியல், வணிகச் சட்டம், சந்தையியல், மனிதவள மேலாண்மை ஆகியவற்றால் ஆனது. அதற்கு வேண்டிய ஆய்வுக்கூடம் கடைத்தெருதான். அக்கா அங்கேதான் ஒன்பது ஆண்டாக இருக்கிறாள்.

மூவாயிரத்து அறுநூறு மணி

‘எளிதாகப் படிக்கலாம்’ என்று விளம்பரங்கள் கூறுகின்றன. அந்த எளிமையைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

மூன்றாண்டு இளநிலைப் பட்டத்திற்கு 120 கிரெடிட் வேண்டும். கிரெடிட் என்பது படிப்பின் உழைப்பை அளக்கும் அலகு. 2023-இல் வெளியான தேசியக் கிரெடிட் சட்டகம் ஓராண்டுப் படிப்பை 1,200 மணி என்றும், அதனை 40 கிரெடிட் என்றும் கொள்கிறது. அதாவது, ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி. மூன்றாண்டுக்கு 3,600 மணி. வாரத்திற்கு ஏறத்தாழ 23 மணி.

கல்லூரியில் படிக்கும் நமக்கு இந்த 23 மணியைக் காலஅட்டவணையே பங்கிட்டுத் தந்துவிடுகிறது. அக்காவுக்கு யார் தருவார்? காலை ஒன்பது மணிக்குக் கிட்டங்கி. மாலை ஆறரைக்கு வீடு. பிறகு சமையல், அப்பாவின் மருந்து. இரவு ஒன்பதரைக்குப் புத்தகம் திறந்தால் பன்னிரண்டுக்கு மூடுகிறாள். நாளுக்கு இரண்டரை மணி என ஆறு நாளில் 15 மணி. ஞாயிற்றுக்கிழமை 8 மணி. மொத்தம் 23. இந்தக் கணக்கை நான் போட்டுக் காட்டியபோது, “அதனால்தான் ஞாயிறு ஒன்று தவறினால் எனக்கு மூச்சு முட்டுகிறது” என்றாள். திருமணம், திருவிழா, காய்ச்சல் எது வந்தாலும் அந்த 23-இல்தான் கை வைக்க வேண்டும்.

மொழியும் ஒரு சுமை. அக்கா மலையாளப் பள்ளியில் பயின்றவள், பேசுவது தமிழ், பாடமோ ஆங்கிலம். அவளுடைய குறிப்பேட்டில் ஆங்கிலச் சொல்லை மலையாள எழுத்தில் எழுதி, பக்கத்தில் தமிழில் பொருள் எழுதியிருக்கிறாள். முதற்பருவத்தில் ஒரு பக்கம் படிக்க ஒரு மணி ஆயிற்றாம். அந்த மணிகளை எந்தச் சட்டகமும் எண்ணவில்லை.

மிளகும் கணக்கும்

சென்ற பருவத்தில் ஒரு நாள் அக்கா என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். “தம்பி, நீ அறிவியல் படிப்பவன். நூறு கிலோ மிளகில் 14 விழுக்காடு ஈரம் இருக்கிறது. காயவைத்து 11 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தால் எடை எவ்வளவு குறையும்?”

“மூன்று கிலோ” என்றேன் பட்டென்று.

“கிட்டங்கித் தராசில் மூன்று கிலோ நானூறு கிராம் வரை குறைகிறதே!” என்று சிரித்தாள்.

தாளை எடுத்தேன். ஈரம் 14 கிலோ என்றால் உலர்பொருள் 86 கிலோ. காய்ந்தபின் அந்த 86 கிலோதான் மொத்தத்தில் 89 விழுக்காடாக இருக்க வேண்டும். ஆகவே மொத்த எடை 96.63 கிலோ. குறைவது 3.37 கிலோ. தராசு சரி, முதுகலை மாணவன் தவறு!

அவள் அத்துடன் விடவில்லை. “இந்த 3.37 கிலோவின் விலை யார் தலையில் விழும்?” என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. அவளே விளக்கினாள். தொழிலின் இயல்பால் வரும் குறைவை ‘இயல்பு நட்டம்’ என்பர். அதனை எஞ்சிய நல்ல சரக்கின் அடக்கவிலையிலேயே ஏற்ற வேண்டும். களவு போனாலோ, மழையில் நனைந்து கெட்டாலோ அது ‘இயல்பு மீறிய நட்டம்’. அதனைத் தனியே இலாப நட்டக் கணக்கில் எழுத வேண்டும். கிலோ 600 ரூபாய் வீதம் நூறு கிலோ வாங்கினால் 60,000 ரூபாய். அதனை 96.63-ஆல் வகுத்தால் கிலோவுக்கு ஏறத்தாழ 621 ரூபாய் அடக்கம். 615-க்கு விற்பவன் பதினைந்து ரூபாய் இலாபம் என்று மகிழ்வான். உண்மையில் ஆறு ரூபாய் இழக்கிறான்.

எடை குறைவதை அவள் ஒன்பது ஆண்டாகக் கண்ணால் கண்டவள். அதன் காரணத்தையும் அதனை ஏட்டில் எங்கே எழுதுவது என்பதையும் படிப்பு தந்தது. அக்கணக்கை முதலாளியிடம் காட்டினாள். அவர் தாளை இருமுறை பார்த்துவிட்டுக் கொள்முதல் ஏட்டை அவளிடம் ஒப்படைத்தார். சம்பளம் இன்னும் உயரவில்லை. ஏடு மட்டும் கைக்கு வந்திருக்கிறது.

ஏமாறாதிருக்க

சேர்வதற்கு முன் நாங்கள் ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். எறணாகுளத்தில் ஓர் இடைத்தரகர் ‘பதிவுக் கட்டணம்’ என்று 3,000 ரூபாய் வாங்கினார். ஓராண்டிலேயே பட்டம் கிடைக்கும், வகுப்பும் தேவையில்லை என்றார். அடுத்த மாதம் அந்த அறை பூட்டிக் கிடந்தது. அக்காவின் அரைமாதச் சேமிப்பு போயிற்று. அவள் அழவில்லை, விதிகளைப் படிக்கத் தொடங்கினாள். அவள் கண்டறிந்தவை இவை:

முதலாவது, எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் படிப்பை இணையவழியில் நடத்தலாம் என்ற பட்டியலை மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடுகிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. நாம் சேரும் படிப்பும் சேரும் ஆண்டும் அதில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, பட்டம் வழங்கும் உரிமையைப் பிறருக்குக் குத்தகைக்கு விடுவதை விதிகள் தடுக்கின்றன. ஆதலால், கட்டணத்தைப் பல்கலைக்கழகத்திற்கே நேராகச் செலுத்தி, அதன் பெயரிலேயே இரசீது பெற வேண்டும்.

மூன்றாவது, 2024-ஆம் ஆண்டிலிருந்து இணையவழியில் சேரும் மாணவர் ‘டெப் ஐ.டி.’ என்னும் அடையாள எண்ணைத் தாமே பெற்றுக்கொள்ள வேண்டும். அவ்வெண் கேட்காமல் இடம் தருகிறேன் என்பவரிடம் எச்சரிக்கை வேண்டும்.

நான்காவது, மூன்றாண்டுப் பட்டத்தை ஓராண்டில் தருவதாகக் கூறுபவர் பொய் கூறுகிறார்.

நமக்கும் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. 2022 ஏப்ரலில் மானியக் குழு வெளியிட்ட நெறிமுறைகளின்படி, கல்லூரியில் ஒரு பட்டம் படித்துக்கொண்டே இணையவழியில் மற்றொரு பட்டமும் படிக்கலாம். முனைவர் பட்டத்திற்கு மட்டும் இது பொருந்தாது. ஆனால் அந்த 23 மணியை எண்ணிப் பார்த்துவிட்டுச் சேருங்கள்!

நாம் செய்யக் கூடியது

இப்படிப்பில் குறை இல்லையா? உண்டு. “பாடம் புரியவில்லை என்றால் திரும்பக் கேட்கலாம், புரிந்துவிட்டால் சொல்லத்தான் ஆள் இல்லை” என்றாள் அக்கா ஒரு நாள். கலந்துரையாடலில் எழுதிய ஐயத்திற்கு மறுநாள் விடை வரும். ஆனால் தேநீர்க் கடையில் நமக்கு நண்பன் சொல்லிக்கொடுப்பதைப்போல் யார் அவளுக்குச் சொல்லிக்கொடுப்பார்? நாம் விலை கொடுக்காமல் பெற்றிருக்கும் செல்வம் இந்தத் தோழமை. நாமோ அதனைப் பெரும்பாலும் வீண் பேச்சில் செலவிடுகிறோம்.

நம் சங்க உறுப்பினர் பலர் என்னைப் போன்றவர்களே. நம்மைப் படிக்கவைக்கத் தம் படிப்பை நிறுத்திக்கொண்ட அண்ணனோ அக்காவோ நம் வீடுகளில் இருக்கின்றனர். அவர்களுள் சிலர் இன்று இரவு விளக்கின் கீழ் மீண்டும் புத்தகம் திறந்திருக்கலாம். சிலர் நம் சிரிப்புக்கு அஞ்சித் திறவாமலும் இருக்கலாம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் மட்டாஞ்சேரியில் ஒரு படிப்பு வட்டம் நடத்துவோம். வணிகவியல் நண்பர்கள் கணக்கியலும், புள்ளியியல் நண்பர்கள் கணக்கும் சொல்லித்தரலாம். ஆங்கிலக் கலைச்சொற்களுக்குத் தமிழிலும் மலையாளத்திலும் பொருள் எழுதி ஒரு சிறு அகராதி தொகுக்கலாம். அக்காவின் குறிப்பேட்டில் முந்நூறு சொற்களுக்கு மேல் ஏற்கெனவே இருக்கின்றன. அதனைத் தர இசைந்திருக்கிறாள். முதற்கூட்டத்திற்கு எங்கள் வீட்டுத் திண்ணை இருக்கிறது. சுக்குக் காப்பி என் பொறுப்பு.

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அக்காவிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, “பாத்திரம் கழுவப் போனதைக்கூட நினைவில் வைத்திருக்கிறாயா?” என்றாள். பிறகு மணி பார்த்தாள். ஒன்பதரை ஆகியிருந்தது. புத்தகத்தைத் திறந்தாள். அன்று பாத்திரங்களை நான் கழுவினேன்.