குமாஸ்தா ஓடுகிறார்... வழி விடுங்க!

2018 ஜனவரி முதல் தேதி. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கடலோரத்தில் மார்ஷ்ஃபீல்டு என்று ஒரு சின்ன ஊர். காலையில் குளிர் எவ்வளவு தெரியுமோ? மைனஸ் 17 டிகிரி. நம் வீட்டு ஃப்ரிட்ஜில் ஐஸ்க்ரீம் டப்பாவைப் பூட்டி வைக்கிறோமே மேல்தட்டு... கிட்டத்தட்ட அதே குளிர்.

அன்று அந்த ஊரில் ஒரு மாரத்தான் நடந்தது. முழுசாக 42 கிலோமீட்டரையும் ஓடி முடித்தவர் ஒரே ஒருத்தர். முதல் பரிசும் அவருக்கே, கடைசி இடமும் அவருக்கே! எடுத்துக்கொண்ட நேரம் 2 மணி 18 நிமிஷம் 59 விநாடி. தனியாக, போட்டிக்கு ஆளே இல்லாமல், மூக்கிலிருந்து வரும் மூச்சு முகத்திலேயே உறைகிற குளிரில் ஓடிய நேரம் அது. நம்ம ஊரில் 22 டிகிரிக்கே மஃப்ளரும் மங்கி கேப்புமாக டீக்கடைக்குப் போகிறோம். சரி, அதை விடுங்கள்.

அந்த மனுஷனின் பெயர் யூகி கவாச்சி. ஜப்பானியர். வயது அப்போது 30. தொழில்? ஓட்டக்காரர் என்று சொன்னால் அது பாதி பதில். டோக்கியோவுக்குப் பக்கத்தில் சைதாமா என்ற மாகாணத்தில் அரசுப் பள்ளி ஆபீஸில் குமாஸ்தா. ஆமாம் சார், நம்மைப் போலவே ஃபைல், முத்திரை, மேஜை, மேலதிகாரி எல்லாம் உண்டு.

ஜப்பானில் இது எவ்வளவு விசித்திரம் என்று புரிய, அந்த ஊர் வழக்கத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அங்கே பெரிய பெரிய கம்பெனிகள் ஓட்டக்காரர்களை 'ஊழியர்' என்று சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளும். பேருக்குத்தான் ஆபீஸ். முக்கிய வேலை ஓடுவது. கோச் உண்டு, தங்க இடம் உண்டு, மலைப்பக்கம் முகாம் உண்டு, உடம்பு பிடித்துவிட ஆள் உண்டு. கல்லூரியில் நன்றாக ஓடுகிற பையன்களைப் படிப்பு முடியும் முன்பே கொத்திக்கொண்டு போய்விடுவார்கள்.

கவாச்சி பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அடிக்கடி காயம். பெரிய ஓட்டப்பந்தயக் கல்லூரி எதுவும் அவரைச் சீந்தவில்லை. கக்குஷுயின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். படிப்புக்குப் பேர்போன இடம், ஓட்டத்துக்கு அல்ல. ஹக்கோனே எக்கிடென் என்று புத்தாண்டில் நடக்கும் மாணவர் தொடர் ஓட்டம், ஜப்பானே டி.வி. முன்னால் உட்கார்ந்து பார்க்கும் விஷயம். அதில் சொந்தக் கல்லூரி அணி இல்லாத மாணவர்களைச் சேர்த்து அமைக்கும் கலப்பு அணியில் இரண்டு முறை இடம் கிடைத்தது. இரண்டு முறையும் மலையிலிருந்து இறங்குகிற ஆறாவது கட்டம். படிப்பு முடிந்ததும் பரீட்சை எழுதி அரசு வேலையில் சேர்ந்துவிட்டார்.

ஜப்பான் பத்திரிகைகள் இவருக்கு வைத்த பட்டப்பெயர் 'குடிமகன் ஓட்டக்காரர்'. (சிரிக்காதீர்கள். அங்கே அந்த வார்த்தைக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.)

* * *

இப்போது நமக்கு வேண்டிய கேள்விக்கு வருவோம். முழு நேர வேலையை வைத்துக்கொண்டு மனுஷன் எப்போது ஓடினார்?

பல வருஷம் அவருக்கு மாலை நேரப் பள்ளியில் வேலை. பகல் 12.45க்கு உள்ளே போனால் ராத்திரி 9.15க்கு வெளியே. ஆகவே காலைதான் அவருக்குக் கிடைத்த நேரம். கம்பெனி ஓட்டக்காரர்கள் ஒரே நாளில் காலை, மாலை என்று இரண்டு தடவை ஓடுவார்கள். இவருக்கு ஒரு தடவைதான் முடியும். அவர்கள் மாசம் ஆயிரம் கிலோமீட்டரை அனாயாசமாகத் தாண்டும்போது இவர் கணக்கில் அறுநூறு சொச்சம்தான்.

பி.காம். படித்த தோஷம், எனக்கு இந்தக் கணக்கைப் பார்த்ததும் கை பரபரக்கிறது. மாதம் நானூறு கிலோமீட்டர் பற்றாக்குறை. வருஷத்துக்கு 4,800. இந்தப் பள்ளத்தை எப்படி ரொப்புவது? கவாச்சி கண்டுபிடித்த வழி, கணக்குப்பிள்ளைகள் கைதட்ட வேண்டிய வழி. வார நாட்களில் பெரும்பாலும் மெதுவான ஓட்டம். புதன்கிழமை மட்டும் வேகப் பயிற்சி. சனி, ஞாயிறு வந்தால் எங்கேயாவது ஒரு பந்தயம்! கடுமையான பயிற்சிக்குக் கோச் இல்லை, கூட ஓட ஆளும் இல்லை. பந்தயத்துக்குப் போனால்? ஆளும் இருக்கும், தண்ணீர் கொடுப்பார்கள், போலீஸ் ரோட்டை மறித்து வைக்கும், கடிகாரமும் அவர்களுடையது. செலவு முழுக்க அடுத்தவன் லெட்ஜரில்.

சாதாரணமாக முதல் தர ஓட்டக்காரர்கள் வருஷத்தில் இரண்டு மாரத்தான், மிஞ்சினால் மூன்று ஓடுவார்கள். அதற்கு மேல் ஓடினால் உடம்பு கெடும் என்பது சாஸ்திரம். கவாச்சி 2013இல் மட்டும் பதினொன்று ஓடினார். வல்லுநர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். இவர் அடுத்த பந்தயத்துக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தார்.

டிக்கெட் என்றதும் ஞாபகம் வருகிறது. 2013 ஜனவரியில் எகிப்தில் ஒரு மாரத்தானுக்கு அழைப்பு. விமான நிலையம் வரை போய்விட்டார், பாஸ்போர்ட் வீட்டில்! அடுத்த விமானத்துக்குச் சொந்தக் காசில் ஏறக்குறைய எட்டு லட்சம் யென் கொடுத்து டிக்கெட் வாங்கிப் பறந்தார். அரசு குமாஸ்தாவுக்கு எட்டு லட்சம் யென் என்பது மூச்சு நிற்கிற தொகை. போனவர் ஜெயித்தார். இரண்டு வாரம் கழித்து ஜப்பானில் பெப்பு-ஓய்த்தா மாரத்தானில் மறுபடி ஓடி, 2 மணி 8 நிமிஷம் 15 விநாடியில் அதையும் ஜெயித்தார்.

எல்லாமே வெற்றி என்று நினைக்க வேண்டாம். 2012 டோக்கியோ மாரத்தானில் பதினான்காவது இடம். லண்டன் ஒலிம்பிக் வாய்ப்பு போச்சு. தன்னை நம்பிய ஜனங்களிடம் மன்னிப்புக் கேட்கும் விதமாக மனுஷன் மொட்டை அடித்துக்கொண்டார். நமக்கு வேண்டுதல் பலித்தால் மொட்டை. அவருக்குப் பலிக்காததற்கு!

அதற்கெல்லாம் நடுவில் விளையாட்டும் உண்டு. 2016இல் கூக்கி நகரத்து அரை மாரத்தானை கோட், டை, பேண்ட் சகிதம் முழு சூட்டில் ஓடினார். 21 கிலோமீட்டர், ஒரு மணி 6 நிமிஷம் 42 விநாடி. பஸ்ஸைப் பிடிக்க ஓடும் நம் ஆபீஸர்கள் கவனிக்கவும். பந்தயத்துக்கு முந்தின ராத்திரி அவருக்குப் பிடித்த சாப்பாடு என்ன? கறிக் குழம்பு ஊற்றிய சாதம். ஜப்பானியரும் அதைக் 'கரே' என்றுதான் சொல்கிறார்கள். அந்த வார்த்தை எங்கிருந்து கிளம்பிப் போனது என்று உங்களுக்குத் தெரியும்.

* * *

மார்ஷ்ஃபீல்டுக்கு எதற்குப் போனார்? இரண்டு காரணம். ஒன்று, 2 மணி 20 நிமிஷத்துக்குள் ஓடிய மாரத்தான்களின் எண்ணிக்கையில் இன்னொன்று சேர்க்க. இரண்டாவது, அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பாஸ்டன். ஏப்ரலில் அங்கே 1897 முதல் நடந்துவரும் மாரத்தானில் ஓடப்போகிறார். எனவே பாதையைப் பார்த்துவிட்டு, குளிரையும் கொஞ்சம் தின்று பார்த்துவிடலாம் என்று திட்டம்.

குளிரில் ஓடுவதைப் பற்றி ஒரு விஷயம். ஓடும்போது நாம் எரிக்கிற சக்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கு சூடாகத்தான் வெளியேறுகிறது. அதனால் வெயிலை விடக் குளிர் மாரத்தானுக்கு நல்லது. பத்து டிகிரிக்குள் இருந்தால் ஓட்டக்காரர்களுக்குக் கொண்டாட்டம். குளிர்நாட்டில் பழகியவர்கள் வெளியே கிளம்பும்போதே கதகதப்பாக உடுத்த மாட்டார்கள். முதல் பத்து நிமிஷம் நடுங்க வேண்டும், பிறகு உடம்பே ஹீட்டர். நிறையப் போட்டுக்கொண்டு கிளம்பினால் வேர்க்கும். வேர்த்த துணி நனைந்து, பிறகு அதுவே ஐஸ் ஒத்தடம் கொடுக்கும்.

ஆனால் மழையும் எதிர்க்காற்றும் சேர்ந்தால் கதை வேறு. உடம்பு எவ்வளவு சூட்டை உண்டாக்கினாலும் காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும். விரல் மரத்துப் போகும். தொடை மரக்கட்டையாகும். ஒல்லியாக, கொழுப்பே இல்லாமல் உடம்பை வைத்திருக்கும் சாம்பியன்களுக்குத்தான் இதில் முதல் அடி.

2018 ஏப்ரல் 16 அன்று பாஸ்டனில் நடந்தது அதுதான். சுமார் 3 டிகிரி. கொட்டுகிற மழை. முகத்தில் அறைகிற எதிர்க்காற்று.

துப்பாக்கி வெடித்ததும் கவாச்சி தலைதெறிக்க ஓடினார். 'பைத்தியம், டி.வி.யில் முகம் தெரிய ஆசை' என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். முதல் மைல் ஐந்து நிமிஷத்துக்கும் குறைவு! பிறகு கூட்டம் பிடித்தது, மறுபடி முன்னே போனார், மறுபடி பிடித்தது. இந்த ஆடுபுலி ஆட்டத்துக்கு நடுவில் பெரிய பெயர்கள் ஒவ்வொன்றாக உதிர ஆரம்பித்தன. அமெரிக்காவின் நம்பிக்கையான கேலன் ரப் நடுவழியில் விலகினார். எத்தனையோ பேர் போர்வையைச் சுற்றிக்கொண்டு மருத்துவக் கூடாரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒருத்தர் மட்டும் அசையவில்லை. கென்யாவின் ஜெஃப்ரி கிருயி. முந்தின வருஷம் பாஸ்டன் சாம்பியன், அதே வருஷம் உலக சாம்பியனும் அவரே. நியூட்டன் மேடுகளில் எல்லோரையும் உதறிவிட்டுத் தனியாகப் போனார். ஒரு நிமிஷத்துக்கும் மேலான இடைவெளி. இந்தத் தரத்தில் ஒரு நிமிஷம் என்பது கண்ணுக்கே தெரியாத தூரம். ஆட்டம் முடிந்தது என்றுதான் எல்லோரும் முடிவு கட்டினார்கள்.

கடைசி சில கிலோமீட்டர்களில் கிருயியின் கால் மெள்ள மெள்ள நின்றுபோகிற மாதிரி ஆயிற்று. பின்னால் நம்ம குமாஸ்தா, தலையை ஒரு பக்கம் சாய்த்து, முகத்தைக் கோணிக்கொண்டு, வழக்கமான அவஸ்தைக் கோலத்தில் வந்துகொண்டிருந்தார். அழகாக ஓடுகிறார் என்று அவரை யாரும் சொன்னதில்லை. எல்லைக்கோட்டுக்குச் சுமார் இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது கிருயியைத் தாண்டினார். நின்று பார்க்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

2 மணி 15 நிமிஷம் 58 விநாடி. கிருயி வந்தது அதற்கு 2 நிமிஷம் 25 விநாடி கழித்து. பாஸ்டனில் ஜப்பானியர் ஒருவர் ஜெயிப்பது 1987இல் தோஷிஹிகோ செகோவுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. 1976க்குப் பிறகு ஆண்கள் பிரிவில் இவ்வளவு மெதுவாக யாரும் ஜெயித்ததும் இல்லை. (1976இல் நேர்மாறு. அந்த வருஷம் வெயில் வறுத்தெடுத்து, ரோட்டோர ஜனங்கள் ஓட்டக்காரர்கள் மேல் ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்தார்கள்.)

இந்த வானிலை எப்படி இருந்தது என்று நிருபர்கள் கேட்டார்கள். தனக்கு இதைவிடச் சாதகமான வானிலை இருக்க முடியாது என்றார் மனுஷன்!

* * *

அன்று பாஸ்டன் ஆபீஸ் போகிறவர்களின் நாளாகவே இருந்தது. பெண்கள் பிரிவில் மழைச் சட்டையைக் கழற்றாமலே ஓடி ஜெயித்தவர் அமெரிக்காவின் டெஸ் லிண்டன். ஆரம்பத்திலேயே ஓட்டத்தை விட்டுவிடலாம் என்று நினைத்தவர். எப்படியும் விலகத்தானே போகிறோம் என்று, கழிப்பறைக்கு ஒதுங்கிய சக ஓட்டக்காரர் ஷலேன் ஃபிளானகனுக்காக வேகத்தைக் குறைத்துக் காத்திருந்து கூட்டிக்கொண்டு போனார். கடைசியில் கோப்பை இவர் கையில்.

இரண்டாவதாக வந்தவர் சாரா செல்லர்ஸ். யாரும் கேள்விப்படாத பெயர். அரிசோனாவில் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸ், முழு நேர வேலை. டியூட்டிக்கு முன்னால் விடியற்காலை நாலு மணிக்கோ, டியூட்டி முடிந்து ராத்திரியிலோதான் பயிற்சி. நுழைவுக் கட்டணத்தைக் கையிலிருந்து கட்டி வந்தவர். ஓடி முடித்து எத்தனையாவது இடம் என்று அதிகாரிகளைக் கேட்டார். 'இரண்டு' என்றார்கள். நம்பவில்லை. பரிசு 75 ஆயிரம் டாலர் என்றால் யார்தான் உடனே நம்புவார்கள்?

கவாச்சிக்கு ஒன்றரை லட்சம் டாலர். அன்றைய கணக்கில் நம்ம பணம் ஏறக்குறைய ஒரு கோடி. அதுவரை அரசு ஊழியர் என்ற காரணத்தால் கம்பெனி ஸ்பான்ஸர் எதையும் அவர் வாங்க முடியாது. எத்தனை பெரிய ஷூ கம்பெனி வந்து நின்றாலும் 'சட்டத்தில் இடமில்லை' என்று சொல்ல வேண்டிய நிலை. லீவு நாளில் ஓட்டம், மற்ற நாளில் ஃபைல் என்றே பல வருஷம் ஓடிவிட்டது.

பாஸ்டனுக்குப் பிறகு வேலையை விடுகிறேன் என்று அறிவித்தார். உடனே இல்லை, 2019 மார்ச்சோடு நிதியாண்டு முடியும் வரை சீட்டில் உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்பினார். இந்த இடத்தில் எனக்கு ஒரு பயம் இருந்தது. குமாஸ்தாவாக இருந்ததுதான் அவருடைய விசேஷம். அதுவும் போனால் கூட்டத்தில் ஒருத்தராகிவிடுவாரோ என்று. முப்பது வயதைத் தாண்டி, பென்ஷனோடு கூடிய அரசு வேலையை உதறுவது நம்ம வீட்டில் நடந்தால் என்ன ஆகும்? அப்பா ஒரு மாசம் பேச மாட்டார்.

2013இல் சியோலில் அவர் ஓடிய 2 மணி 8 நிமிஷம் 14 விநாடிதான் அவருடைய சிறந்த நேரம். ஏழெட்டு வருஷம் அது அப்படியே நின்றது. 2020 டிசம்பரில், 2.20க்குள் ஓடிய மாரத்தான்களின் எண்ணிக்கை நூறானது. 2021 பிப்ரவரி, பிவா ஏரி மாரத்தான்: 2 மணி 7 நிமிஷம் 27 விநாடி. 33 வயதில் பழைய கணக்கில் 47 விநாடியைக் கழித்துவிட்டார்!

2023 அக்டோபர் 15, டோக்கியோ. பாரிஸ் ஒலிம்பிக்குக்கு ஆள் எடுக்கும் பந்தயம். முதல் இரண்டு பேருக்கு நேரடி இடம். கவாச்சிக்கு 36 வயது. காலையிலிருந்து மழை. துப்பாக்கி வெடித்ததும் அதே பழைய பழக்கம். தலைதெறிக்க ஓட்டம், தன்னந்தனியாக. வயதில் தம்பிகள் எல்லோரும் பின்னால் கூட்டமாக வர, இவர் 35 கிலோமீட்டர் வரை முன்னால் போய்க்கொண்டே இருந்தார். பிறகு பிடித்தார்கள். கடைசியில் நாலாவது இடம், 2 மணி 9 நிமிஷம் 18 விநாடி. பாரிஸ் கிடைக்கவில்லை.

இந்தத் தடவை மொட்டை அடித்துக்கொள்ளவில்லை.