விளிம்பில் ஒரு பெயர்

போர்ப் பதக்கம் ஒன்று கையில் கிடைத்தால் அதிலுள்ள அரசர் தலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள்.

1799 மே 4 அன்று சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, திப்பு சுல்தான் மடிந்தார். அதற்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி பர்மிங்ஹாமில் மேத்யூ போல்ட்டனின் சோஹோ நாணயச் சாலையில் பதக்கம் அடித்தது. குறுக்களவு 48 மி.மீ. ஒரு பக்கம் பிரிட்டிஷ் சிங்கம் புலியை மல்லாத்தி அமுக்குகிறது. புலி, திப்புவின் சின்னம். மறுபக்கம் கோட்டையைத் தாக்கும் காட்சி. வேலைப்பாடு அருமைதான். ஆனால் பெரிய தளபதிகளுக்குத் தங்கம், கீழ்நிலை அதிகாரிகளுக்கு வெள்ளி, ஹவில்தார்களுக்கு வெண்கலம். சென்னைப் படையின் சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம். விளிம்போ மொட்டை, வாங்கியவர் யாரென்று ஓர் எழுத்துகூடக் கிடையாது.

1815 ஜூன் 18-இல் நடந்த வாட்டர்லூ போருக்கான பதக்கம் இந்த வழக்கத்தை உடைத்தது. வெலிங்டன் பிரபுவுக்கும் கடைசிச் சிப்பாய்க்கும் ஒரே வெள்ளி, ஒரே அளவு. இறந்தவரின் குடும்பத்துக்கும் கொடுத்தார்கள். விளிம்பில் எழுத்து அச்சுகளை அழுத்தி, வீரரின் பெயரையும் படைப்பிரிவையும் பதித்தார்கள். பெயர் சிறிதாக இருந்து இடம் மிஞ்சினால் நட்சத்திரங்கள்.

அதை வாங்கியவர்களில் ஒருவர் சார்ல்ஸ் யூவர்ட், ஸ்காட்ஸ் கிரேஸ் குதிரைப்படையின் சார்ஜெண்ட். பிரெஞ்சு 45-ஆம் படைப்பிரிவின் கழுகுக் கொடியைப் பறித்தவர். கொடிக்காரன் அடிவயிற்றை நோக்கிக் குத்த, அதைத் தட்டிவிட்டு வெட்டிச் சாய்த்தார். அடுத்து ஓர் ஈட்டிக்காரன், பிறகு துப்பாக்கிமுனைக் கத்தியோடு பாய்ந்த ஒரு காலாள். இருவரையும் சமாளித்துவிட்டுத்தான் கழுகோடு திரும்பினார். மறு ஆண்டே அவரை அதிகாரியாக உயர்த்தினார்கள்.

வாட்டர்லூவுக்கு முன் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் ஆண்டுக்கணக்கில் போரிட்ட சாதாரண வீரர்களுக்குப் பதக்கம் அறிவிக்கவே 1847 ஆகிவிட்டது. அதுவும் உயிரோடிருந்து விண்ணப்பித்தவர்களுக்குத்தான். அவர்கள் புகைந்ததில் நியாயம் இருக்கிறது.

பெயர் இருப்பதால் பதக்கத்துக்கு விலையும் கூடும், மோசடியும் கூடும். புகழ்பெற்ற படைப்பிரிவு என்றால் ஏலத்தில் கேட்கவே வேண்டாம். அதனால் பழைய பெயரை அரத்தால் ராவிவிட்டு வேறு பெயரைப் பொறிக்கிறவர்கள் உண்டு. ராவிய இடத்தில் வெள்ளி குறையும், குறுக்களவும் சுருங்கும். விவரம் தெரிந்தவர்கள் வெர்னியர் காலிப்பரை வைத்து விளிம்பின் பல இடங்களில் அளந்து பார்த்த பிறகுதான் விலையே பேசுகிறார்கள்.