மரத்தூள் குளிகை அடுப்பும் திறந்தவெளிச் சமையலும்

மரம் அறுக்கும் ஆலைகளிலும் தச்சுப் பட்டறைகளிலும் நாள்தோறும் ஏராளமான மரத்தூள் கழிவாகச் சேருகிறது. அதனை அப்படியே அடுப்பிலிட்டால் காற்று உட்புக வழியின்றிப் புகைந்து கொண்டிருக்குமேயன்றிச் சுடர்விட்டு எரியாது. மரத்தூளைத் தகரப் பாத்திரத்தில் நெருக்கித் திணித்து, நடுவில் துளை விட்டு எரிக்கும் அடுப்பு நம் நாட்டில் பல இடங்களில் வழக்கில் இருந்து வருகிறது. அதே மரத்தூளைச் சிறு குளிகைகளாக அழுத்தி, யந்திரத்தின் துணையால் அளந்தளந்து எரிக்கும் முறை பின்னர்த் தோன்றியதாகும். வணிகத்தில் ‘பெல்லட்’ எனப்படும் இக்குளிகைகளைக் கொண்டு சமைக்கும் அடுப்பு, விறகு, கரி, எரிவாயு ஆகியவற்றோடு ஒப்பிடுகையில் எவ்வகையில் சிறந்தது, எவ்வகையில் குறையுடையது என்பது இங்கே விளக்கப்படுகிறது.

குளிகை செய்யும் விதம்

மரத்தூளை முதலில் உலர்த்தி, அதிலுள்ள ஈரத்தை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைக்கின்றனர். பின்னர்த் துளைகளிட்ட எஃகு அச்சின் வழியே மிகுந்த அழுத்தத்துடன் அதனைத் தள்ளுகின்றனர். உராய்வினால் உண்டாகும் சூட்டில், மரத்திலேயே இயல்பாக அமைந்துள்ள லிக்னின் என்னும் பொருள் இளகித் துகள்களை ஒன்றாகப் பிணைக்கிறது. ஆகவே பெரும்பாலும் தனியாகப் பசை சேர்க்க வேண்டுவதில்லை. 6 முதல் 8 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள இக்குளிகைகளில் ஒரு கன மீட்டர் 600 கிலோவுக்கு மேல் எடை நிற்கும். ஒரு கிலோ குளிகை எரிந்தால் 4,000 கிலோ கலோரிக்குக் குறையாத வெப்பம் கிடைக்கும். தூய மரக் குளிகையில் எஞ்சும் சாம்பல் நூற்றுக்கு ஒரு பங்கிற்கும் குறைவே.

அடுப்பு இயங்கும் முறை

1973, 1979-ஆம் ஆண்டுகளில் பெட்ரோலிய எண்ணெயின் விலை திடீரென உயர்ந்தபோது, வட அமெரிக்காவில் வீடுகளைச் சூடாக்குவதற்குக் குளிகைகளை எரிக்கும் வழக்கம் பரவிற்று. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜோ டிரேகர் என்பவர் அம்முறையை வீட்டுப் புறத்தில் இறைச்சி வாட்டும் அடுப்புக்கு அமைத்து, 1986-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அவ்வுரிமை 2006-ஆம் ஆண்டில் முடிவுற்றதும் வேறு பல உற்பத்தியாளர்களும் இத்தொழிலில் இறங்கினர்.

இவ்வடுப்பின் ஒரு புறத்தில் குளிகைகளை நிரப்பும் தொட்டி உள்ளது. அதன் அடியில் மின்விசையால் சுழலும் திருகுத்தண்டு குளிகைகளைச் சிறிது சிறிதாகத் தீக்கிண்ணத்திற்குத் தள்ளுகிறது. மின்சாரத்தால் பழுக்கும் ஒரு கம்பி முதலில் தீ மூட்டுகிறது. பிறகு விசிறி வேண்டிய காற்றை ஊட்டுகிறது. பெட்டியினுள் இருக்கும் உஷ்ணமானி சூட்டை அளந்தவண்ணம் இருக்கும். சூடு குறைந்தால் தண்டு விரைந்தும், மிகுந்தால் மெதுவாகவும் சுழலும். இவ்வாறு ஏறத்தாழ 80 முதல் 260 டிகிரி சென்டிகிரேடு வரை எந்த உஷ்ணநிலையையும் பல மணி நேரம் நிலையாக வைத்திருக்க முடிகிறது. தீக்கிண்ணத்திற்கு மேல் ஒரு தகடு இருப்பதால் சுடர் உணவை நேரே தீண்டுவதில்லை; சூடான காற்றே உணவை வேகச் செய்கிறது.

மற்ற முறைகளுடன் ஒப்பீடு

முதலாவது, மூன்று கல் வைத்து மூட்டும் விறகடுப்பு. இதற்குச் செலவு இல்லை. எந்த விறகும் ஏற்கும். ஆயினும் விறகின் வெப்பத்தில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு மட்டுமே பாத்திரத்தைச் சேருகிறது. விறகு சூடேறும்போது அதிலிருந்து எரியக்கூடிய ஆவிகள் வெளிவருகின்றன. போதிய காற்றும் சூடும் கிடைத்தால் அவை சுடராக எரியும். கிடைக்காவிடில் அவையே புகையாகும். ஆகவே புகை என்பது எரியாமல் தப்பிய எரிபொருளேயாகும்.

இரண்டாவது, அடுப்புக்கரி. கரியாக்கும்போதே மரத்தின் ஆவிகள் நீங்கிவிடுவதால் இதில் கண்ணுக்குத் தெரியும் புகை குறைவு. கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 7,000 கிலோ கலோரி வெப்பம் தரும். கனன்ற கரியின் அருகே உணவை வைத்தால் மேற்பரப்பு விரைவில் சிவந்து பொரியும். குளிகை அடுப்பு இவ்வகையில் கரிக்கு ஈடாகாது. ஆனால் சாதாரண மண் சூளையில் கரி சுடும்போது மரத்திலிருந்த வெப்பத்தில் பாதிக்கு மேல் வீணாகிறது. மேலும் கரித்தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு மிகுதியாக வெளிப்படும். அதற்கு நிறமும் மணமும் இல்லை. புகை இல்லையென்று நம்பி மூடிய அறையில் கரி அடுப்பை வைப்பது உயிருக்கே ஆபத்தாகும்.

மூன்றாவது, எரிவாயு. கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 11,000 கிலோ கலோரி வெப்பம் தருவது, நொடியில் பற்றும், கைப்பிடியைத் திருப்பியதும் தணியும், புகையும் சாம்பலும் இல்லை. நாள்தோறும் செய்யும் சமையலுக்கு இதனினும் தூய்மையான தீ வேறில்லை எனலாம். ஆனால் விறகுப் புகை உணவுக்கு அளிக்கும் மணம் இதில் கிடைக்காது. லிக்னின் வெப்பத்தால் சிதையும்போது பிறக்கும் குவையகால், சிரிங்கால் முதலிய பொருள்களே அம்மணத்துக்குக் காரணம்.

குளிகை அடுப்பு விறகின் மணத்தையும் எரிவாயுவின் எளிமையையும் ஓரளவு சேர்த்துத் தருகிறது. சூட்டைக் குறைத்து வைக்கும்போது புகைமணம் கூடுதலாகவும், உயர்த்தும்போது குறைவாகவும் இருக்கும். கொழுப்பு நெருப்பில் சொட்டினால் எழும் புகையில், புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய சில ஹைடிரோகார்பன்கள் உண்டாகின்றன. சொட்டும் கொழுப்பைத் தகடு தடுத்துவிடுவதால் அத்தீங்கு குறையும். ஆனால் முற்றிலும் நீங்காது. விலை மிகுதி, மின்சாரமின்றி இயங்காமை, பழுதடையக்கூடிய உறுப்புகள் பல இருத்தல் ஆகியன இவ்வடுப்பின் குறைகள்.

இந்திய அனுபவம்

பொழுதுபோக்குக்காகத் தோட்டத்தில் இறைச்சி வாட்டுவோருக்கு இக்குறைகள் பெரிதல்ல. அன்றாட உணவுக்கு விறகை நம்பியுள்ள குடும்பத்தின் நிலையோ வேறு. எரிபொருளை ஒரே அளவாக்கிக் காற்றை விசிறியால் ஊட்டினால் புகை குறையும் என்னும் இதே தத்துவம் நம் நாட்டிலும் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஆராய்ச்சியை அடிப்படையாகக் கொண்டு, பி.பி. என்னும் எண்ணெய் நிறுவனத்தின் முயற்சியால் ‘ஊர்ஜா’ அடுப்பு 2006-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. மின்கலத்தால் இயங்கும் சிறு விசிறி கொண்ட அவ்வடுப்பு, பயிர்க் கழிவுகளாலான குளிகைகளை எரித்தது. மகாராஷ்டிரம், கர்நாடகம் முதலிய மாநிலங்களில் ஏறத்தாழ 4 இலட்சம் அடுப்புகள் விற்பனையாயின.

ஆயினும் சில ஆண்டுகளில் வீடுகளில் அதன் உபயோகம் வெகுவாகக் குறைந்தது. கரும்புச் சக்கை முதலிய கழிவுகளை வேறு ஆலைகளும் எரிபொருளாக வாங்கத் தொடங்கியதால் குளிகையின் விலை ஏறிற்று. அடுப்பு குளிகைக்கென்றே அமைக்கப்பட்டது. குளிகை கட்டுப்படியாகாதபோது இல்லத்தரசிக்கு அடுப்பும் பயனற்றதாயிற்று. பலர் மீண்டும் விறகுக்கோ எரிவாயுவுக்கோ திரும்பினர். சோதனைச் சாலையில் நன்றாக எரிந்த அடுப்பு ஊரில் நிலைக்காமற்போனதற்கு அடுப்பின் அமைப்பைவிட எரிபொருளின் விலையே பெருங்காரணமாயிற்று. அனல்மின் நிலையங்களில் நிலக்கரியுடன் குளிகைகளைக் கலந்து எரிக்க 2021-ஆம் ஆண்டில் மத்திய அரசு விதி வகுத்துள்ளமையால், வாங்குவோரின் போட்டியை இன்றும் கருத்திற்கொள்ள வேண்டும்.

பள்ளியிலும் களத்திலும் செய்யத்தக்க சோதனைகள்

ஆசிரியர்கள் ஒரு குளிகையைக் கண்ணாடிக் குவளை நீரில் இட்டுக் காட்டலாம். சில நிமிடங்களில் அது பருத்து உதிர்ந்து மீண்டும் மரத்தூளாகிவிடும். குளிகையை ஈரம் படாமல் காக்க வேண்டியதன் அவசியம் இதனால் மாணவர்க்கு எளிதில் விளங்கும்.

அடுப்பின் திறனைக் கணிக்கத் தராசும் உஷ்ணமானியும் போதும். 30 டிகிரியில் உள்ள 5 லிட்டர் நீரை 100 டிகிரிக்கு உயர்த்த 350 கிலோ கலோரி வேண்டும். விறகடுப்பில் இதற்கு 700 கிராம் விறகு செலவாயிற்று எனக் கொள்க. கிலோ ஒன்றுக்கு 3,500 கிலோ கலோரி வீதம் அதன் வெப்பம் 2,450 கிலோ கலோரி. ஆகவே திறன் நூற்றுக்கு 14. குளிகை அடுப்பில் 250 கிராம் செலவானால், அதன் வெப்பம் 1,000 கிலோ கலோரி. திறன் நூற்றுக்கு 35. விசிறி அமைந்த கையடக்க அடுப்புக்கு இந்தியத் தர நிர்ணயம் 2013-ஆம் ஆண்டில் விதித்த குறைந்த அளவும் 35 விழுக்காடேயாகும். விசிறியில்லாததற்கு 25 விழுக்காடு.

ஊழியர் கவனிக்க வேண்டியவை

குளிகை அடுப்பை ஒரு விடுதிக்கோ, சத்துணவுக் கூடத்துக்கோ, குடும்பத்துக்கோ பரிந்துரைக்கும் முன் மூன்று செய்திகளை நேரில் விசாரித்தறிதல் வேண்டும். குளிகை ஆண்டு முழுவதும் அண்மையில், தாங்கத்தக்க விலையில் கிடைக்குமா? மழைக்காலத்தில் உலர்ந்த இடத்தில் சேமிக்க வசதி உண்டா? விசிறியோ மின்கலமோ பழுதானால் செப்பனிடுவார் உளரா? இவற்றுள் ஒன்றுக்கேனும் இல்லை என்பது விடையானால், விசிறியின்றி எவ்வகை விறகையும் ஏற்கும் திருந்திய அடுப்போ எரிவாயுவோ அக்குடும்பத்துக்கு அதிகம் பயன்படும்.

சாயம் பூசிய மரம், ஒட்டுப்பலகை, மருந்து ஊட்டிய மரம் ஆகியவற்றின் தூளாலான குளிகையில் உணவு சமைத்தல் ஆகாது. குளிகைகளைப் பெருமளவில் குவித்த மூடிய கிடங்குகளிலும் கார்பன் மோனாக்சைடு சேருவதுண்டு. ஆதலால் கதவுகளைத் திறந்து நன்றாகக் காற்றோட்டம் உண்டாக்கிய பின்னரே உள்ளே செல்ல வேண்டும். அடுப்பு எவ்வளவு புகையின்றி எரிவதாயினும் அதனைத் திறந்த வெளியிலோ, காற்று தாராளமாக வந்துபோகும் இடத்திலோதான் வைத்தல் வேண்டும்.