பாலை நிலத்தில் குளிர்கால நடை

குளிர்கால மலைநடை என்றதும் பனி மூடிய சிகரங்களும் கம்பளி உடைகளுமே நேயர்களின் மனக்கண்முன் தோன்றும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கு மூலையிலோ நிலைமை வேறு. அங்கே மனிதரை விரட்டும் காலம் கோடை. அழைக்கும் காலம் குளிர்காலம். கலிபோர்னியா மாநிலத்தின் தென் எல்லையை அண்டியுள்ள ஆன்சா-பொரேகோ பாலைவன மாநிலப் பூங்கா இதற்குத் தக்க சான்றாகும்.

பூங்கா என்னும் சொல் இங்கே சற்று மயக்கந் தரக்கூடியது. பாத்தி கட்டிப் பூச்செடி வளர்த்த இடமன்று அது. ஆறு இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட பாலை நிலம். மொட்டை மலைகளும் நீரற்ற மணலாறுகளும் முட்செடிகளும் நிறைந்தது. 1774ஆம் ஆண்டில் அவ்வழியே ஒரு கூட்டத்தை நடத்திச் சென்ற ஸ்பானியத் தளபதி ஆன்சாவின் பெயரோடு, ஸ்பானிய மொழியில் செம்மறியைக் குறிக்கும் பொரேகோ என்ற சொல்லும் இணைந்து அதன் பெயராயிற்று. பெருங்கொம்புடைய காட்டுச் செம்மறிகள் இன்றும் அம்மலைகளில் வாழ்கின்றன.

வட மாநிலங்களில் பனி கொட்டத் தொடங்கியதும், இளைப்பாறிய முதியோர் பலர் மோட்டார் வீடுகளில் ஏறித் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றனர். பனிப்பறவைகள் என்பது அவர்களுக்கு அந்நாட்டார் இட்ட பெயர். மோட்டார் வீடென்பது சாரதியின் ஆசனத்துக்குப் பின்னே படுக்கை, அடுப்பு, மலகூடம் யாவும் அமைந்த பெரு வண்டி. நல்ல நீருக்கு ஒரு தொட்டியும் கழிவு நீருக்கு வேறு தொட்டிகளும் அதன் அடியில் உண்டு. நல்ல நீர்த் தொட்டி வற்றுவதும் கழிவுத் தொட்டி நிறைவதும் எப்போதென்று கணக்கிட்டே அதில் குடித்தனம் நடத்தவேண்டும். குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்கும் பழக்கம் இரண்டொரு நாளில் தானே மறைந்துவிடும்!

பொரேகோப் பனைப் பள்ளத்தாக்கின் வாயிலில் வண்டிகள் தங்குவதற்கான இடம் இருக்கிறது. நடைபாதை அங்கிருந்தே தொடங்குகிறது. முதலாவது பனந்தோப்புக்குச் சென்று மீள ஏறக்குறைய மூன்று மைல். தூரம் சிறிதே, ஆயினும் ஏமாற்றம் தரவல்லது. பகலில் காற்று இதமாயிருக்கும். வறண்ட அக்காற்றில் வியர்வை தோன்றிய கணமே உலர்ந்துவிடுவதால், உடல் நீரிழப்பதை நடப்பவர் உணர்வதில்லை. தாகம் தெரியும்போது பலவேளை காலங்கடந்திருக்கும். ஆதலின் நாளொன்றுக்கு ஒருவருக்கு ஏறக்குறைய நான்கு லீற்றர் தண்ணீர் வேண்டுமென்று கொள்வர். கொண்டுசென்றதில் பாதி தீர்ந்ததும் திரும்பிவிடுவதே அறிவுடைமை. மேற்கே மலை உயர்ந்து நிற்பதால், டிசெம்பர் மாதத்தில் மாலை ஐந்து மணிக்கு முன்னரே பள்ளத்தாக்கில் நிழல் படர்ந்து குளிர் இறங்கிவிடும். பாதையோரத்துச் சோய்யாக் கள்ளியின் முட்கணு சற்றே உராய்ந்தாலும் உடலில் ஒட்டிக்கொள்ளும். அதைக் கையால் பிடுங்கினால் கையிலும் தைக்கும். சாதாரண தலைசீப்பால் நெம்பி எறிவதே எளிய வழி.

தோப்பில் நிற்பவை விசிறிப் பனைகள். நம்மவர் காணின் பனைமரத்தின் உறவென்றே சொல்வர். ஓலை அவ்வாறே விரிந்திருக்கும். காய்ந்த ஓலைகள் விழாமல் அடிமரத்தைச் சுற்றிப் பாவாடைபோலத் தொங்கும். கவ்வியா என்னும் பழங்குடியினர் அதன் பழத்தை உண்டு, ஓலையால் குடில் வேய்ந்தனர். நிலத்தடி நீர் மேலெழும் இடத்திலன்றி இப்பனை வளராது. தொலைவில் பச்சை தெரிந்தால் அங்கே நீருண்டு என்பது பொருள்.

அந்நீரே பகையாவதும் உண்டு. 2004 செப்டெம்பரில் மலைமேல் பெய்த பெருமழை, பாறைகளையும் பனைகளையும் புரட்டிக்கொண்டு தங்குமிடம் வரை பாய்ந்தது. தலைக்குமேல் வானம் தெளிந்திருந்தாலும், மலைப்பக்கம் கருமுகில் கண்டால் மணலாற்றில் நிற்கலாகாது.

1998ஆம் ஆண்டு முதல் அழியும் ஆபத்திலுள்ள இனமாகச் சட்டத்தின் காவலில் இருக்கும் செம்மறிகளுக்கும் இந்நீரே உயிர். அவை அச்சமின்றி நீரருந்துமாறு, பூங்காவின் கொயோட்டிப் பள்ளத்தாக்கை ஆண்டுதோறும் யூன் முதல் செப்டெம்பர் வரை மனிதருக்கு மூடிவிடுகின்றனர். செம்மறிக்காக மனிதன் வழிவிடுவது போற்றத்தக்கதே.

ஆனால் மனிதர் வாழும் சமவெளியில் இந்த அடக்கம் நெடுங்காலம் இருக்கவில்லை. பொரேகோ ஸ்பிறிங்ஸ் என்னும் சிற்றூர் பூங்காவால் சூழப்பட்டது. நிலத்தடி நீரையே நம்பியது. எலுமிச்சை, தோடைத் தோட்டங்களும் கோல்ப் திடல்களும் மழை நிரப்பும் அளவைவிடப் பன்மடங்கு நீரைப் பல ஆண்டுகளாக உறிஞ்சிவிட்டன. 2040ஆம் ஆண்டளவில் இறைப்பை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைக்கவேண்டுமென 2021இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோட்டக்காரரும் விடுதியாளரும் ஊர்மக்களும் ஆண்டுதோறும் தத்தம் பங்கை இப்போது குறைத்து வருகின்றனர். பனிப்பறவைகள் அவ்வூரில் தம் தொட்டியை நிரப்பிக்கொள்வதும் அதே நிலத்தின் நீரைக்கொண்டுதான்.