பவர் எழுதிக் கொடுக்கும் முன்

நான்குவழிச் சாலை வருகிற ஊர்களில் எல்லாம் இப்போது ஒரே பேச்சு. "நிலத்தை விற்க வேண்டாங்க. நிலம் உங்களுது, செலவு எங்களுது. மனை போட்டு ஆளுக்குப் பாதி எடுத்துக்கலாம்." இதைக் கூட்டு ஒப்பந்தம் என்கிறார்கள். மழையும் விலையும் கைவிட்ட வருஷத்தில் கேட்க நல்லாத்தான் இருக்கும். கொடுப்பதும் கொடுக்காததும் அவரவர் முடிவு. வங்கியில் பல வருஷம் பத்திரம் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: ஒப்பந்தத்தைவிட, கூடவே கேட்கிற பவர் பத்திரத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

பவர் என்பது கிரையம் இல்லை. பவரையும் அக்ரிமெண்டையும் வைத்துக்கொண்டு யாரும் நிலத்துக்கு உரிமையாளர் ஆக முடியாது என்று 2011இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அதற்காக நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். விற்கும் அதிகாரம் அதில் இருந்தால், பவர் வாங்கியவர் உங்கள் சார்பில் மூன்றாம் ஆளுக்குக் கிரையம் எழுதிக் கொடுக்கலாம்.

"பிடிக்கலேன்னா ரத்து பண்ணிக்கலாம்" என்பார்கள். அவ்வளவு சுலபம் இல்லை. பவர் வாங்கியவருக்கே அந்தச் சொத்தில் பங்கு இருந்தால், அவருக்குப் பாதகமாக அதை ரத்து செய்ய முடியாது என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 202ஆம் பிரிவு. ஆனால், வேறு விதமாக வெளிப்படையாக எழுதிக்கொண்டால் அது செல்லும் என்பதற்கும் அதே பிரிவில் இடம் இருக்கிறது. ஆகவே கெடு போட்டு எழுதுங்கள்: இத்தனை மாதத்துக்குள் மனைப்பிரிவு அனுமதி வாங்காவிட்டால் ஒப்பந்தமும் பவரும் ரத்து.

அடுத்து, வங்கிக்காரன் கண்ணில் முதலில் படுகிற வார்த்தை 'அடமானம்'. பவரில் அந்த ஒரு சொல் இருந்து, மூலப் பத்திரமும் கைமாறினால், உங்கள் நிலத்தின் பேரில் அவர் கடன் வாங்கலாம். நீதிமன்றம் போகாமலே வங்கி சொத்தை எடுக்க வழிசெய்யும் 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்தைத் தொடாது. மனையாக மாறிய பிறகு அந்தப் பாதுகாப்பைக் கேட்க முடியாது. அடமான அதிகாரத்தை அடித்துவிடுங்கள். மூலப் பத்திரம் உங்களிடமே இருக்கட்டும், நகல் கொடுத்தால் போதும்.

'பாதி' என்பதையும் அளவோடு எழுத வேண்டும். மூன்று ஏக்கர் என்பது 1,30,680 சதுர அடி. அதில் சாலைக்கும் பூங்காவுக்கும் தானமாகக் கொடுத்தது போக மிச்சம்தான் மனை. எதில் பாதி? சாலையோர மனை யாருக்கு? வரைபடத்தை ஒப்பந்தத்தோடு இணைத்து, உங்கள் மனை எண்களை எழுதி, அவற்றை விற்கும் அதிகாரம் பவரில் சேராது என்றும் எழுதுங்கள்.

நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியமானது இது. 2016க்குப் பிறகு தமிழ்நாட்டில் அனுமதியில்லாத புது மனைகளைப் பதிவு செய்ய முடியாது. அனுமதி வரும் முன்பே வரப்பை வெட்டி, கிராவல் கொட்டிவிட்டு, ஆள் காணாமல் போனால் மனையும் இல்லை, வயலும் இல்லை. பத்து வருஷம் மூடாக்குப் போட்டு மண்புழு ஏறிய மண்ணை எந்த நஷ்டஈடும் திருப்பித் தராது. 'அனுமதி ஆணை வரும்வரை சாகுபடி உரிமை நில உரிமையாளருக்கே. மண்ணில் கைவைக்கக் கூடாது' என்ற வரி கட்டாயம் வேண்டும். பக்கத்து வயலுக்குப் போகிற வாய்க்காலையும் வண்டிப்பாதையையும் வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள்.

500 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் 12 சென்ட்டுக்கு மேல் மனை போட்டு விற்பதானால், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். வாங்குவோர் தரும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். பழைய திட்டம் ஏதாவது முடித்திருக்கிறாரா, அதன் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். நேர்மையானவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வரைவை வாங்கி வந்து வீட்டில் எல்லோரும் படியுங்கள். அவர் கூட்டி வருகிற வக்கீலிடம் இல்லாமல் நம் வக்கீலிடம் காட்டுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகும் மாதம் ஒருமுறை பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பாருங்கள். பார்ப்பதற்குக் கட்டணம் கிடையாது.