கைக்காப்பும் அதன் நீட்சியும்



நெடும்பயணத்துக்கென அமைந்த மோட்டார்ச் சைக்கிள்கள் பலவற்றில், கைப்பிடிகளுக்கு முன்னால் இருபுறமும் வளைந்த தகடுகள் பொருத்தப்பட்டிருத்தலைக் கண்டிருப்பீர்கள். அதனைக் கைக்காப்பு எனலாம். வண்டியோடு வரும் காப்பு பெரும்பாலும் சிறியது. விரல்களை ஓரளவு மறைத்து, மேற்கணுக்களையும் மணிக்கட்டையும் காற்றுக்கு விட்டுவிடும். இக்குறையை நீக்குதற்பொருட்டு, காப்பின் மேல்விளிம்பிற் பூட்டத்தக்க நீட்சித் தகடுகள் தனியே விற்கப்படுகின்றன. அவற்றைத் தெரிந்தெடுக்கும் முறையே இன்றைய பேச்சின் பொருள்.

இதுவும் ஒரு பொருளா என நகைப்போர், இத்தாலியின் வடபால் அல்ப்ஸ் மலையிலுள்ள ஸ்டெல்வியோ கணவாயை நினைத்துப் பார்க்க வேண்டும். 1820 முதல் 1825 வரை அமைக்கப்பட்ட அவ்வீதி, ஏறக்குறைய 900 மீற்றர் உயரத்திலுள்ள பிராட்டோ என்னும் ஊரிலிருந்து 48 கொண்டையூசி வளைவுகளிற் சுழன்று 2,757 மீற்றர் உயரத்தை அடைகின்றது. ஆயிரம் மீற்றர் ஏறுந்தோறும் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரைப் பாகை தாழும் என்பது பொது விதி. ஆகவே அடிவாரத்தில் 17 பாகை செல்சியஸ் ஆயின், உச்சியில் 5 பாகையே எஞ்சும். காற்றின் வேகம் குளிரை மிகுவிப்பதை, போல் சைப்பிள், சாள்ஸ் பாசல் என்னும் அமெரிக்கர் இருவர் அந்தாட்டிக்காவில் நீர் நிரப்பிய உருளையை உறையவிட்டு அளந்து, 1945இல் வெளியிட்டனர். கனடாவும் ஐக்கிய அமெரிக்காவும் 2001இல் ஏற்றுக்கொண்ட திருத்திய கணக்கின்படி, 5 பாகைக் குளிரில் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகக் காற்று, வெறுந்தோலுக்குப் பூச்சியத்திலும் ஒரு பாகை தாழ்ந்ததுபோல் உறைக்கும். 80 கிலோமீற்றர் வேகமாயின் மூன்று பாகை தாழ்ந்ததுபோலாகும். கையுறை இதனைத் தணிக்கும். நனைந்த கையுறையோ அதிகம் தணிக்காது.

மரத்த விரல் பிறேக்கைப் பிடிக்க அரை விநாடி பிந்தினால் யாது நிகழும்? 50 கிலோமீற்றர் வேகத்தில் வண்டி அதற்குள் ஏழு மீற்றர் ஓடிவிடும். மலைவீதியின் விளிம்பைத் தாண்ட அது போதும்.

மின்சாரத்தாற் சூடேறும் கைப்பிடி இருக்கும்போது தகடு எதற்கு என்று கேட்பாருமுளர். சூடு உள்ளங்கையிலே தங்குகின்றது. குளிர்காற்று தாக்குவதோ புறங்கையை. ஆதலின் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. இரண்டும் சேர்ந்தவிடத்தே பயன் பெரிது.

பெரிய தகடே நல்ல தகடு என்று எண்ணுதல் எம்மவரிடையே மிகுதி. அஃது உண்மையன்று. கைப்பிடியோடு திரும்பும் பரப்பு பெருகுந்தோறும் பக்கக்காற்று அதனைப் பற்றித் திசைமாற்றியை அசைக்கும். அன்றியும், கையைத் தப்பிய காற்று சுழன்று முழங்கையிலோ மார்பிலோ வந்து மோதுவதுண்டு. பணத்தைக் கொடுக்குமுன், தடித்த காட்போட் மட்டையை வேண்டிய அளவில் வெட்டிக் காப்பின்மீது நாடாவால் ஒட்டுக. வண்டியை நிறுத்திவைத்தே திசைமாற்றியை இடக்கோடி, வலக்கோடி இரண்டுக்கும் திருப்பிப் பார்க்க. முன்கண்ணாடி, பெற்றோற் தாங்கி, கேபிள்கள் எவற்றிலும் மட்டை முட்டுதல் ஆகாது. பிறேக், கிளச் லீவர்கள் முழுமையாக இயங்கவும் வேண்டும். இச்சோதனையிற் தவறிய தகடு, எத்துணை அழகியதாயினும், வாங்கத்தக்கதன்று. வளைவிலே திரும்பாத கைப்பிடியைவிடக் குளிர்ந்த விரல் மேல்.

தகடு எப்பொருளால் ஆனது என்பதையும் வினவுக. அக்கிரிலிக் எளிதிற் கீறுபடாது. ஆனால் அடிபட்டாற் கூரிய துண்டுகளாக உடையும். பொலிகாபனேற் அடியைத் தாங்கும். கீறல் விரைவில் விழும். நான் இரசாயனம் கற்றவனல்லேன். எனினும் மாணவர்க்கும் சொல்லத்தக்க செய்தி ஒன்றுண்டு. திருகாணி தளராதிருக்க இடும் ஒட்டுத்திரவம் பொலிகாபனேற்றிற் பட்டால், தகட்டில் நுண்ணிய வெடிப்புகள் உண்டாகக்கூடும். அதற்குப் பதிலாக நைலோன் வளையமுள்ள சுரையும் இறப்பர் வளையமும் இடுதல் நன்று. ஒட்டுநாடாவால் மட்டும் ஒட்டப்படும் தகட்டை நெடும்பயணத்துக்கு நம்பேன்.

இத்தகடு காற்றையும் மழையையும் தடுக்குமேயன்றி, வண்டி சரிந்தால் லீவரைக் காவாது. அதற்குக் கைப்பிடியின் நுனியையும் தண்டையும் இணைக்கும் அலுமினியச் சட்டம் உள்ள காப்பே வேண்டும். விற்பனையாளர் இரண்டையும் ஒன்றுபோற் பேசுவர், கேட்போர் குழம்பவேண்டாம்.

எமது நாட்டில் இதற்கு இடமில்லையோ எனின், றம்பொடை வழியே 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு மழையில் ஏறுவோர் விடை சொல்வர். ஆயினும் சமவெளியின் வெயிலில் கைக்குக் காற்று வேண்டும். ஆதலால் இரண்டு திருகாணிகளைக் கழற்றினால் நீங்கிவிடும் அமைப்பே எமக்குப் பொருந்தும். பூட்டியபின் முதல் நாட் பயணம் முடிந்ததும் திருகாணிகளை மீண்டும் இறுக்குக. துடைப்பதற்குச் சவர்க்கார நீரே போதும், பெற்றோல் படலாகாது.