முதிய பெட்டை நாயின் தாகம்

தண்ணீர்ச் சட்டியை மறுபடி மறுபடி காலி செய்து, இரவெல்லாம் வெளியே போகத் துடிக்கும் ஒன்பது வயதுப் பெட்டை நாயைப் பார்த்து, வெயிலின் உக்கிரம், வயதின் தளர்ச்சி என்று வீட்டார் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நாட்களிலேயே, அதன் கர்ப்பப்பையில் சீழ் திரண்டுகொண்டிருக்கக் கூடும்.

ஸ்திரீகளுக்கு மாதவிடாய் ஓய்வதுபோல் நாய்க்குப் பருவம் ஓய்வதில்லை. ஒவ்வொரு பருவத்துக்குப் பின்னும், சினையானாலும் ஆகாவிட்டாலும், சுமார் இரண்டு மாத காலம் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் சுரக்க, அதனால் வருஷக்கணக்கில் தடித்துப்போன கர்ப்பப்பையின் உட்சுவரில், குடலில் வாழும் ஈ.கோலை போன்ற கிருமிகள் எளிதில் குடியேறிவிடுகின்றன. அவற்றின் விஷம் சிறுநீரகத்தைத் தாக்குவதால் உண்டாவதே அந்தத் தாகம். ஸ்வீடனில் காப்பீடு செய்யப்பட்ட நாய்களை ஆராய்ந்தபோது, கருத்தடை செய்யாத பெட்டைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் இந்த வியாதி கண்டது தெரியவந்தது.

கர்ப்பப்பையின் வாய் திறந்திருந்தால் சீழ் வெளியே கசியும். ஆனால் நாய் அதை நக்கிச் சுத்தம் செய்துவிடும். படுத்த சாக்கில் கறையைக் கண்டவர்களும், இதைப் போய் டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டு நாளைக் கடத்துகிறார்களே, அந்த வீண் லஜ்ஜைதான் என்னை மிகவும் வருத்துகிறது. வாய் மூடியிருந்தாலோ வெளியே அடையாளமே இராது. வயிறு உப்பும், வாந்தி வரும், அபாயம் இன்னும் அதிகம்.

ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பெரும்பாலும் உண்மையைக் காட்டிவிடும். சலைனும் ஆன்டிபயாடிக்கும் ஏற்றி உடம்பைத் தேற்றியபின், மெல்லிய குழாயாக இருக்கவேண்டிய கர்ப்பப்பை சீழால் பருத்துக் கிடப்பதை, கிழிந்து உள்ளே சிந்திவிடாதபடி இரு கைகளாலும் ஏந்தி எடுத்து, சினைப்பைகளோடு சேர்த்து அகற்றுவதே நிச்சயமான சிகிச்சை. குட்டி போட வேண்டிய இளம் நாய்களுக்கு மருந்தாலேயே குணப்படுத்தும் முறை உண்டென்பார்கள். அடுத்தடுத்த பருவங்களில் வியாதி திரும்புவதும் உண்டு. முதிய உடம்பு மயக்க மருந்தைத் தாங்குமா என்று அஞ்சுவோர், அதே உடம்பு ரத்தத்தில் கலக்கும் விஷத்தைத் தாங்குமா என்பதையும் யோசிக்கவேண்டும்.

கருத்தடை செய்யாத நாயை வளர்ப்பவர்கள், அது பருவத்துக்கு வந்த தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். அடுத்த இரண்டு, மூன்று மாதங்களுக்குள் தாகம் மிகுந்தாலும் தீனியை வெறுத்தாலும், அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் அந்தத் தேதியை முதலில் சொல்லுங்கள்.